முந்தைய லாரியின் வரிசை எண்

கண்டெய்னர் யார்டில் அன்று காலை உறைந்த இறால் ஏற்றி வந்த லாரி ஒன்று தவறான வரிசைக்குப் போய்விட்டது. அந்தக் கண்டெய்னரை இறக்கியதும் கரன்ட் இணைப்பில் மாட்ட வேண்டும். லாரி போய் நின்றதோ காலிக் கண்டெய்னர்களை அடுக்குகிற வரிசையில். அங்கே இணைப்பே கிடையாது. சூப்பர்வைசர் லிங்கராஜ் அந்தப் பக்கம் போனபோது கண்ணில் பட்டதால் கரன்ட் இல்லாமல் நின்றது முக்கால் மணி நேரத்தோடு போயிற்று. சரக்குக்குச் சேதமில்லை.

கேட்டில் லாரி எண்ணை அடித்தால் அது போக வேண்டிய வரிசையைக் காட்டும் திரையை எழுதியவள் ஷெர்லின். திரேஸ்புரத்துப் பெண். நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருடமாக இருக்கிறாள். திரையை யார்டில் வைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. லிங்கராஜ் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டதும், அவள் தன் கம்ப்யூட்டரில் அந்த லாரி எண்ணையும் அதற்கு முந்தைய லாரியின் எண்ணையும் தேடித் திறந்து பார்த்தாள். இரண்டுக்கும் சரியான வரிசையே வந்தது. ‘சிஸ்டம் சரியாக இருக்கிறது. வண்டி எண்ணைக் கவனித்து அடிக்கச் சொல்லவும்’ என்று பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்ததும் போன் அடித்தது. கேட்டில் எண் அடிக்கும் முருகேஸ்வரி.

“மேடம், கவனிச்சு அடிக்கச் சொல்லி எழுதியிருக்கீய. நான் பதினோரு வருசமா இந்த கேட்டுல இருக்கேன். எண்ணத் தப்பா அடிக்கல. லிங்கராஜ் அண்ணாச்சி டிரைவர்மாரு முன்னால வச்சு என்னைச் சத்தம் போட்டுட்டுப் போறாரு. இங்கன வந்து ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். ஷெர்லினுக்குக் காது சூடாயிற்று. முதலாளி செந்தூர்வேலிடம் போய்ச் சொன்னாள்.

“ஒவ்வொரு லாரிக்கும் பேஜை ரீஃப்ரெஷ் பண்ணச் சொல்லிரு. முடிஞ்சது” என்றார் அவர்.

“எதுனால வருதுன்னு தெரியலயே சார்” என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

கேட்டில் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. இரண்டு கப்பலுக்குப் போகிற சரக்கும் காலிக் கண்டெய்னர்களும் ஒரே நாளில் வந்திருந்தன. முருகேஸ்வரி உட்காரச் சொல்லவில்லை. ஷெர்லின் பின்னால் நின்று பார்த்தாள்.

அலுவலகத்தில் ஷெர்லின் சோதித்த விதம் வேறு. ஒரு லாரியைப் பார்த்து முடித்ததும் பட்டியலுக்குத் திரும்பி, அடுத்ததைப் புதிதாகத் திறப்பாள். இங்கே முருகேஸ்வரி பட்டியலுக்குப் போகவே இல்லை. மேலே இருந்த எண்ணை அழித்துவிட்டு அங்கேயே அடுத்த எண்ணை அடித்தாள். எண் மாறியது. கீழே வரிசை மாறவில்லை. ஒரே கப்பலுக்கான ஒரே வகைச் சரக்கு லாரிகள் அடுத்தடுத்து வருகிற நாளில் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இன்று கலந்து வந்து, காலிக் கண்டெய்னருக்கு அடுத்து இறால் லாரி வந்ததில் மாட்டிக்கொண்டது.

வரிசையைக் காட்டும் அந்தப் பகுதியை எழுதும்போது, அது உருவாகிற நொடியிலேயே வரிசை எதுவென்று சர்வரிடம் கேட்பதா, திரையில் வந்து உட்கார்ந்த பிறகு கேட்பதா என்று அவளும் கூட வேலை பார்க்கும் சிவப்பிரகாஷும் அரை நாள் வாதாடியிருந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் என்று அவள் ஜெயித்தாள். எப்படியானாலும் கேட்பது ஒரே ஒரு தடவை. உட்கார்ந்த இடத்திலேயே லாரி எண் மாறினால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

“தப்பு என்மேலதான்க்கா” என்றாள்.

முருகேஸ்வரி ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். ஷெர்லின் அதில் உட்கார்ந்து, எண் மாறும்போதெல்லாம் சர்வரிடம் மறுபடி கேட்கும்படி எழுதி ஏற்றினாள். நாலு லாரிகள் சரியாகப் போயின. ஐந்தாவது லாரிக்கு முருகேஸ்வரி எண்ணைத் தப்பாக அடித்து, உடனே திருத்தினாள்.

“ஏளா, இங்க பாரு. சரியா வந்துட்டு மறுபடியும் மாறுது!”

கேட்டில் இன்டர்நெட் மெதுவாகத்தான் வரும். முதலில் அடித்த தப்பான எண்ணுக்கான பதில் பிந்தி வந்து, சரியான பதிலின் மேல் உட்கார்ந்துவிட்டது. புதிதாகக் கேட்டதும் பழைய கேள்வியைக் கைவிட்டுவிட வேண்டும். ஷெர்லின் அதையும் எழுதினாள். எண் மாறிய உடனே பழைய வரிசை அழிந்துவிடும்படியும் செய்தாள்.

“பதில் வார வரைக்கும் என்ன காட்டும்?”

“ஒண்ணும் காட்டாதுக்கா. காலியா இருக்கும்.”

“அது போதும். காலியா இருந்தா டிரைவர நிக்கச் சொல்லிருவேன். தப்பா காட்டுனாதான் நம்பி அனுப்பிருதேன்.”

பிறகு ஷெர்லின் போனை எடுத்து குரூப்பில் எழுதினாள்: ‘காலையில் நடந்தது திரையின் கோளாறு. எழுதியது நான். முருகேஸ்வரி அக்கா எண்ணைச் சரியாகத்தான் அடித்திருக்கிறார்.’

ஒரு நிமிடத்தில் செந்தூர்வேல் கூப்பிட்டார். “ஏன் இப்படிப் பச்சையா போட்ட? நெட்வொர்க் இஷ்யூன்னு முடிச்சிருக்கலாம்லா?”

“விசாரிக்காம அவங்க மேல பழியப் போட்டதே நான்தான சார்.”

“சரி, திங்கட்கிழமை பேசுவோம்” என்று அவர் வைத்தார். அவளுக்கு எழுதியதை அழிக்கத் தோன்றவில்லை.

லிங்கராஜ் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். “சரி முருகேஸ்வரி, காலையில சொன்னத மனசுல வச்சுக்கிடாத.”

“டிரைவர்மாரு முன்னால சொன்னதுக்கு இங்கன தனியா வந்து சொல்லுதீயளே அண்ணாச்சி.”

அவர் வெளியே போய், முதலில் நின்ற லாரியின் கதவைத் தட்டினார்.

“ஏலே, காலையில தப்பு கம்ப்யூட்டர்ல. இந்த அம்மா மேல இல்ல.”

அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த டிரைவர் முழித்தான். “அது கெடக்கட்டும். எனக்கு எந்த வரிசைன்னு சொல்லுங்க” என்றான். முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஷெர்லின் அலுவலகம் திரும்பியதும் சிவப்பிரகாஷை உட்கார வைத்து மற்ற திரைகளையும் திறந்து பார்த்தாள். எடைமேடைத் திரையிலும் இதே தவறு இருந்தது. சாயங்காலத்துக்குள் அதையும் மாற்றினார்கள்.