வெயிலில் படித்த பொறி

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

கேட்டவர் பகலவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஞானசெல்வி வேலை பார்க்கும் கடைக்கு மேனேஜராக வந்து மூன்றே நாள்.

"கைநாட்டு சார்," என்றாள் ஞானசெல்வி.

"தரம் பாக்கற வேலைக்குக் கைநாட்டா? இரும்போட வர்ற சர்டிபிகேட்டைப் படிக்கத் தெரியணும்மா. திங்கக்கிழமை வேற ஆள் வருவான்."

பதினாறு வருஷமாக அவள் படித்தது பொறியை. இரும்பைக் கிரைண்டரில் ஒரு தொடு தொட்டால் போதும். பொறி நேராக ஓடினால் மெது இரும்பு, வெல்டிங் தாங்கும். நுனியில் பூப்பூவாக வெடித்தால் கெட்டி இரும்பு. வெல்டிங் வைத்த இடத்தில் ஒருநாள் முறியும்.

"இப்பவே காட்றேன், பாரு சார்."

காசிமேட்டு மெக்கானிக் வரதன், விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் வெல்டிங் வைக்க இரும்பு ராடு எடுக்க வந்திருந்தான். வழக்கமாகக் கோணிப் படுதாவுக்குப் பின்னால், இருட்டில்தான் அவள் பொறி பார்ப்பாள். இன்று மேனேஜர் பார்க்கவேண்டுமே! கிரைண்டரை வாசலுக்கு இழுத்தாள். உச்சி வெயில்.

சர்ர்ர்!

"மெது இரும்பு சார்."

"பேப்பரும் அதைத்தான் சொல்லுது. அப்புறம் நீ எதுக்கு?"

வரதன் சிரித்துக்கொண்டே ராடை வண்டியில் ஏற்றினான்.

ஞானசெல்விக்கு உறுத்தியது. பொறியின் நுனியைப் பார்த்தோமா? வெயில் தின்றுவிட்டதே! வாயைத் திறந்தால் வேலை இப்போதே போகும். திறக்காவிட்டால், நடுக்கடலில் வின்ச் முறியும்போது பக்கத்தில் யார் நிற்பார்களோ?

வண்டி கிளம்பியது.

"வரதா, நிறுத்து! எறக்கு!"

"இன்னாக்கா, ஏத்துனப்புறம் பேஜாரு பண்ற?"

"தப்பா பட்ச்சிட்டேன் நைனா."

பகலவன் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் படுதாவுக்குப் பின்னால் வந்தார்.

சர்ர்ர்! இருட்டில் நுனியெல்லாம் பூ.

"அடேங்கப்பா," என்றான் வரதன்.

பகலவன் ராடின் முனையைத் துணியால் துடைத்தார். அழுக்குக்கடியில், இரும்பில் குத்திய ஒரு நம்பர். கையிலிருந்த பேப்பரில் வேறு நம்பர். ஒத்துப்பார்க்காமலே படித்திருக்கிறார்.

பேப்பரை இன்னொரு தடவை பார்த்தார்.

"இது வேற சரக்கோட பேப்பர்," என்றார் மெதுவாக.

"திங்கக்கிழமை ஆள் வருமா சார்?"

"வரட்டும். பேப்பரை அவன் பாக்கட்டும். பொறியை நீங்க பாருங்க."

"அப்போ புதுப் படுதா ஒண்ணு வாங்கிக் குடு சார். இதுல மூணு ஓட்டை கீது. வெளிச்சம் வருது."