பிஸ்கட் எழுந்த மூன்று விநாடி

தியேட்டர் வாசலில், அதை நடத்துகிற வெர்லா இரண்டு பூட்ஸ்களை வைத்திருந்தாள். ஒன்று தேய்ந்து வாய் பிளந்த பழசு. மற்றது பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்த புதுசு. இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, எது பிடித்ததோ அந்த பூட்ஸுக்குள் டிக்கெட்டில் பாதியைக் கிழித்துப் போட வேண்டுமாம். பழைய ‘செம்பாறைக் கணவாய்’ ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில், இந்த ஊர்ப் பாறைகளுக்கு நடுவில் எடுத்த கௌபாய் படம். புதியது போன மாதம் வந்தது. அதே பேர், அதே கதை, எடுத்தது மட்டும் எங்கேயோ வெளிநாட்டில். ஊட்டாவில் இல்லாத பாறையா என்று ஊருக்கே வயிற்றெரிச்சல். எது ஜெயிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து என்று ஆர்லின் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு அவருக்கு இல்லை.

வயது எண்பத்தொன்று. இடுப்பின் இரண்டு பக்கமும் இரும்பு. பழைய படத்தில் நாயகனுக்குப் பதிலாக அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, நாலுகால் பாய்ச்சலில் வரும் பிஸ்கட் என்ற சிவப்புப் பெண்குதிரையோடு கணவாயில் விழுகிறவர் அவர்தான். அந்த விழுகைதான் தியேட்டரின் வெளிச்சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்திருப்பது. வருஷா வருஷம் ஜூன் மாதம் வெர்லா படத்தைப் போடுவாள், ஆர்லின் மேடையேறிக் கதை சொல்வார். கடைசி வரி மாறவே மாறாது. நான் எழுந்திருக்க அரைமணி ஆச்சு, பிஸ்கட் அதுக்குள்ள எழுந்து புல்லு மேயப் போயிட்டா. உடனே சிரிப்பு, கைதட்டல், கையில் ஒரு கிளாஸ் லெமனேட்.

சுத்தப் பொய். பிஸ்கட் எழுந்திருக்கவே இல்லை.

குதிரையோடு விழுகிறவர்களுக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. விழப்போகும் இடத்தை முதல் நாளே கொத்தி, கல் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கொட்டி மெத்தென்று ஆக்கிவைப்பார்கள். படத்தில் அது தெரியக் கூடாது, அதனால் அடையாளத்துக்கு ஒரு புதர்ச்செடியை மட்டும் நட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவை கேமரா ஓடுவதற்கு முன்னாலும், விழுகிறவன் அந்த வழியைத் தன் காலால் நடந்து பார்த்தாக வேண்டும். ஆறு தடவை எடுத்தால் ஆறு தடவையும் நடக்க வேண்டும். ஆர்லின் அன்றைக்கு இரண்டு தடவை நடந்தார். மூன்றாவது தடவை நடக்கவில்லை. வெயில், பூட்ஸுக்குள் மணல், எத்தனை தடவைதான் நடப்பது என்ற அலுப்பு. இரண்டாவது தடவைக்குப் பிறகு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எவனோ இன்னும் நாலு செடியை நட்டுவைத்திருந்தான். ஆர்லின் தப்பான செடிக்குப் பக்கத்தில், குதிரையை விழவைக்கக் கடிவாளத்தை இழுத்தார். கட்டாந்தரை.

பிஸ்கட் முறிந்த முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தாள். இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவைக்குள் குதிரைக்காரர் துப்பாக்கியோடு வந்துவிட்டார். காட்சி பிரமாதமாக வந்திருந்ததால் படத்தில் அதையே வைத்தார்கள். குதிரை மண்ணைத் தொட்டதும் படம் வேறொரு முகத்துக்குத் தாவிவிடும். அப்புறம் என்ன ஆச்சு என்று ஊரில் கேட்டவர்களிடம் இருபத்தாறு வயசு ஆர்லின் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் அதைச் சொல்லக் கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினார். உண்மையைப் போட்டு உடைக்கிற வீராப்பெல்லாம் இல்லை. இன்னொரு தடவை அந்தப் பொய்யைத் தூக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் வெர்லாவின் அப்பா கட்டிய தியேட்டர் அது. இந்த ஒரு விழுகையை நம்பித்தான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அவள் முகத்தை நினைத்தால் வாய் எங்கே வருகிறது?

மத்தியானம் ஒரு மணிக்குப் பழைய படம். ஊரே வசனத்தைக் கூடவே சொன்னது. மூன்று மணிக்குப் புதியது. ஆரம்பத்திலிருந்தே நக்கல்தான். தீவனக் கடை டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாயகனின் பல்லு ரொம்ப வெள்ளை, தொப்பியில் வேர்வைக் கறையே இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. படம் சவசவ என்றுதான் போனது.

கணவாய்க் காட்சி வந்தது. பழசை அச்சுப் பிசகாமல் எடுத்திருந்தார்கள். அதே திருப்பம், அதே தூசி, அதே சிவப்புக் குதிரை. கம்ப்யூட்டரில் செய்த குதிரை என்று பத்திரிகையில் போட்டிருந்தது. விழுந்தது. ஆர்லின் வழக்கம்போல் கண்ணை மூடப் போனார். ஆனால் படம் தாவவில்லை. அங்கேயே நின்றது. குதிரை முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது, பின்பக்கத்தைத் தூக்கியது, எழுந்து நின்று உடம்பை உதறியது. மூன்று விநாடி இருக்கும்.

"பொம்மைக் குதிரை பாருங்க, ஒரு கீறல் இல்ல!" என்று டெல்மர் சிரித்தான். ஆர்லின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

எல்லாரும் போட்டு முடித்துத் திரும்பவும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, வெர்லா பூட்ஸ்களை மேடையில் கவிழ்த்து எண்ணினாள். பழசுக்கு நூற்றுப் பன்னிரண்டு. புதுசுக்கு ஒன்று. அரங்கமே சிரித்தது. யாருடா அந்தத் துரோகி, பிடித்துக் குதிரைத் தொட்டியில் முக்குங்கள் என்று டெல்மர் கத்தினான். வெர்லாவும் சிரித்துக்கொண்டே ஆர்லினை மேடைக்குக் கூப்பிட்டாள். இவர் வந்து நாலு வார்த்தை சொன்னால் அந்தத் துரோகிக்குப் புத்தி வரும் என்றாள்.

ஆர்லின் மேடை ஏறவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றார்.

"அது என் டிக்கெட்டுதான் வெர்லா."

"விளையாடாதீங்க ஆர்லின்."

"விளையாடலைம்மா. அந்தப் படத்துல குதிரை எழுந்திருக்குது. நம்ம படத்துல எழுந்திருக்கல. பிஸ்கட் அங்கேயே செத்துட்டா. நான் இடத்தை நடந்து பாக்கல. ஒரே ஒரு தடவை பாக்கல."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெர்லா கையில் பழைய பூட்ஸோடு அப்படியே நின்றாள்.

"அப்ப புல்லு மேயப் போனதுன்னு சொன்னது?" என்றாள்.

"நான் கட்டின கதை. உங்கப்பாகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

அவள் முகம் கறுத்துப்போனது. அதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐம்பத்தைந்து வருஷச் சுமையை இறக்கியவருக்கு உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. உட்கார்ந்தார்.

"அந்தக் குதிரை எழுந்திருக்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா?" என்றார். "முடியலைன்னா பரவால்ல."

வெர்லா பூட்ஸைக் கீழே வைத்தாள். படம் ஓட்டும் அறைக்குப் போகும் மரப்படியில் அவள் ஏறுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது.

குதிரை விழுந்தது. முன்னங்காலை ஊன்றியது. எழுந்து நின்று உதறியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"போ," என்றார் ஆர்லின், திரையைப் பார்த்து, மெதுவாக. "போய் மேயி."