மடகாஸ்கருக்குப் போகும் சாணைக்கல்

கமலக்கண்ணன் "முடியாது" என்று சொன்னதால்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஏப்ரல் மாதம். நேரு வீதியில் தேவதாஸ் என்பவருடைய கண்ணாடிக் கடையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, லென்சுகளை வடிவத்துக்குத் தீட்டி பிரேமில் மாட்டிக் கொடுப்பது கமலக்கண்ணனின் வேலை. அதற்கு முன் மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, முப்பத்து நாலு வயதில் இந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர். வந்த இடத்தில் வேரூன்றிவிட்டார். கமலக்கண்ணன் மாட்டிய கண்ணாடி காதையும் அழுத்தாது, மூக்கிலிருந்தும் நழுவாது என்று ஊரில் ஒரு பெயர்.

அன்று கண் டாக்டர் விஜயராகவன் கையில் நாலைந்து தாள்களோடு நேராக அவரிடமே வந்தார்.

"மடகாஸ்கர்ல ஒரு அநாதைப் பிள்ளைங்க இல்லம் இருக்கு, கமலக்கண்ணன். போன வருஷம் போன டாக்டர் ஒருத்தர் எண்பத்து நாலு பிள்ளைங்களுக்குக் கண்ணு பாத்து, பவர் எழுதிட்டு வந்துட்டாரு. கண்ணாடிதான் யாரும் செஞ்சு குடுக்கல. ஜூன்ல நாங்க நாலு பேர் பன்னெண்டு நாளைக்குப் போறோம். நீங்க இதை எல்லாம் செஞ்சு குடுத்தா பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்."

கமலக்கண்ணன் தாள்களைப் புரட்டினார். பெயர்கள் வாயில் நுழையவில்லை. பிறந்த தேதி என்ற இடத்தில் வருஷம்தான் மாறியதே தவிர, எல்லாருக்கும் ஜனவரி ஒன்று.

"இன்னா சார், அத்தினி பேரும் ஒரே நாள்ல பொறந்திருக்காங்க?"

"எப்போ பொறந்தாங்கன்னு சொல்ல ஆள் இல்லாத பிள்ளைங்க. சேக்கறப்போ அப்படித்தான் எழுதிக்குவாங்களாம்."

கமலக்கண்ணன் இன்னொரு தடவை கடைசித் தாள்வரை பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாது சார். பவர் மட்டும் வெச்சிகினு கண்ணாடி செய்ய முடியாது. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு இதுல இல்ல. மூக்கு எப்படி, காது எங்க இருக்கு, ஒண்ணும் தெரியல. குத்துமதிப்பா செஞ்சா பிள்ளைங்களுக்குத் தலைவலி வரும், ரெண்டாம் நாளு கழட்டிப் போட்டுடுவாங்க. போன வருஷத்துப் பவர் வேற இது. எதிர்ல உக்கார வெச்சு அளவு எடுக்கணும்."

டாக்டர் தாள்களை வாங்கிக்கொண்டார். "அப்போ நீங்களும் வந்துடுங்க" என்றார்.

கல்லாவில் இருந்த தேவதாஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பயணத்துக்கு உதவுகிற சங்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் கேட்டு வாங்க முடியும் என்றார். மறுநாளே கேட்டும் வாங்கிவிட்டார்.

சாரம் பகுதியில் இருந்த வீட்டுக்கு கமலக்கண்ணன் அன்று மொபெட்டை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி அஞ்சலாட்சி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வைகாசி முகூர்த்தத்துக்கு ஏகப்பட்ட துணி வந்து குவிந்திருந்தது.

"அஞ்சலாட்சி, நான் மடகாஸ்கருக்குப் போறேன்."

"போறப்போ ரெண்டு ரீல் மெரூன் நூல் வாங்கிட்டு வாங்க" என்றாள், தலை நிமிராமல்.

விவரம் சொன்னதும் மெஷினை நிறுத்தினாள். ஏரோப்ளேனா, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பாஷை தெரியாத ஊரில் தொலைந்துபோனால் யாரைக் கேட்பது என்று வரிசையாகக் கேட்டாள்.

"நம்ம இனியா மொத மொதல்ல கண்ணாடி போட்ட அன்னைக்கு இன்னா சொல்லுச்சு, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார் கமலக்கண்ணன்.

அஞ்சலாட்சிக்கு ஞாபகம் இருந்தது. ஏழு வயது இனியா கண்ணாடியோடு வீட்டுக்கு ஓடிவந்து அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "அம்மா, உனக்கு ரெண்டு பக்கமும் மூக்கு குத்தியிருக்கும்மா!" என்று கத்தியது. வலது பக்கத்தில் தூர்ந்துபோன அந்தச் சின்ன ஓட்டையைப் பெற்ற பிள்ளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"போய்ட்டு வாங்க" என்றாள் அஞ்சலாட்சி.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அமர்க்களம். பாஸ்போர்ட் மனுவில் பிறந்த தேதி எழுதும்போது கமலக்கண்ணன் சிரித்துக்கொண்டார். அவருக்கும் ஜூன் ஒன்று என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டுவிட்ட தேதிதான். போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனதும் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பதினாலு வயது இனியா பள்ளியில் பிரெஞ்சு படிப்பவள். அங்கே பிரெஞ்சு பேசினால் நிறைய பேருக்குப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தினம் சாயங்காலம் அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"'இங்க பாரு'ன்னு எப்படிப்பா சொல்லணும்?"

"ரெகார்த் இஸி."

"ஆடாம இரு?"

"பூஜ் பா."

"இப்போ தெரியுதா?"

அதுதான் அவருக்கு வாயில் வரவே இல்லை. "அதை மட்டும் தமிழ்லயே கேட்டுக்கறேன். தெரிஞ்சா அந்தப் பிள்ளை மூஞ்சியே சொல்லிடும்" என்றார். இனியா விடவில்லை. இருபது தடவை சொல்ல வைத்தாள்.

சிக்கல் மே மாதத்தில் வந்தது. விமானத்தில் ஓர் ஆளுக்கு இருபது கிலோதான். லென்ஸ் தீட்டும் மெஷின் மோட்டாரோடு பதினெட்டு கிலோ. லென்சும் பிரேமும் தனியாகப் பத்து கிலோவுக்கு மேல். மற்ற நாலு பேர் பெட்டிகளிலும் மருந்தும் கண் பார்க்கும் கருவிகளும் நிறைந்துவிட்டன. டாக்டர் அந்த இல்லத்துக்குப் போன் போட்டு கமலக்கண்ணனிடம் கொடுத்தார். மறுமுனையில் பேசிய கன்னியாஸ்திரி நம்ம ஊர் நெல்லித்தோப்பில் பிறந்து வளர்ந்தவராம், சிஸ்டர் தெரேஸ்.

"மெஷினைத் தூக்கிட்டு வந்தும் பிரயோஜனம் இல்லங்க. இங்க கரண்ட்டு சாயந்திரத்துல ரெண்டு மணி நேரம் வந்தா பெரிசு" என்றார்.

கமலக்கண்ணன் போனை வைத்தார். கண்ணாடிகளை இங்கே செய்து எடுத்துப்போக முடியாது, அங்கே போயும் தீட்ட முடியாது என்றால் எண்பத்து நாலு பிள்ளைகளிடம் வெறும் அளவு எடுத்துக்கொண்டு திரும்புவதா? அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அந்த மெஷின்ல எது கனம்?" என்றாள் அஞ்சலாட்சி.

"மோட்டாரும் அடிப்பலகையும். கல்லு ரெண்டு கிலோகூட வராது."

"கல்லு சுத்தணும், அவ்ளோதானே? என் மெஷினு கரண்ட்டுலயா சுத்துது?"

கமலக்கண்ணன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய்த் தையல் மெஷினின் அடியில் குனிந்து பார்த்தார். மிதிபலகை, பெரிய சக்கரம், தோல் வார். மில்லில் எட்டு வருஷம் வாரும் சக்கரமுமாகக் காலம் தள்ளியவர், இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். காலையில் சிஸ்டரிடம் கேட்டதற்கு, "தையல் மெஷினா? நாலு இருக்கு. நாலும் மிதி மெஷினுதான்" என்று பதில் வந்தது.

நெல்லித்தோப்பில் ஒரு லேத் பட்டறையில் சாணைக்கல்லுக்கு அளவாக ஒரு தண்டும், அதன் முனையில் வார் ஓடுவதற்கு ஒரு சின்ன உருளையும் கடைந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, பதினேழு ரவிக்கை பாக்கி இருந்தபோதும், அஞ்சலாட்சி தானே திருகாணியைக் கழற்றித் தையல் மெஷினின் தலையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். அந்த இடத்தில் ஒரு பலகையை முடுக்கி, கல்லையும் தண்டையும் பொருத்தினார்கள். மேலே ஒரு டப்பாவில் துளை போட்டு, கல்லின்மேல் தண்ணீர் சொட்டும்படி தொங்கவிட்டார் கமலக்கண்ணன். வாசலில் அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது.

அஞ்சலாட்சி மிதித்தாள். கல் எதிர்ப்பக்கமாகச் சுழன்று, சொட்டிய தண்ணீர் முழுவதையும் கமலக்கண்ணன் முகத்தில் வாரி அடித்தது. வாசலில் ஒரே சிரிப்பு. அவள் சக்கரத்தைக் கையால் தள்ளி மறுபக்கம் சுழல வைத்து மறுபடி மிதித்தாள். இப்போது வார் வழுக்கியது. கல் நின்றுவிட, பிடித்திருந்த லென்ஸ் ஓரத்தில் பிசிறிப்போனது.

"குங்கிலியம் இருக்கா?" என்று கத்தினார் கமலக்கண்ணன். மில்லில் வார் வழுக்கினால் அந்தப் பிசினைத்தான் பொடித்துத் தேய்ப்பார்கள். இனியா தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தாள். வாரில் தேய்த்ததும் பிடித்துக்கொண்டது பாருங்கள்! கல் ஒரே சீராக ஓட, வேறொரு லென்ஸ் அதன்மேல் சர்ரென்று இழைந்தது. கமலக்கண்ணன் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் லென்சைத் துடைத்து, ஒரு குழந்தை பிரேமில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

அவர் அதைத் தூக்கிக் காட்டியதும் வாசலில் கைதட்டல். அஞ்சலாட்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சரி, அங்க யாரு மிதிப்பா?"

அதையும் சிஸ்டரிடமே கேட்டார்கள். "அதுக்கா ஆள் இல்ல? எங்க பெரிய பொண்ணுங்க தினம் மிதிக்கறவங்க. இப்பவே நான் முந்தி நீ முந்தின்னு சண்டை போட்டுகினு இருக்குங்க. நீங்க மொதல்ல வந்து சேருங்க" என்று போனில் சிரித்தார் சிஸ்டர் தெரேஸ். அவருக்குப் பின்னால் நிறைய சின்னக் குரல்கள் கேட்டன. என்ன சொல்கின்றன என்று புரியாவிட்டாலும் கமலக்கண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அதுவரை தாளில் இருந்த பிள்ளைகள் அன்றுதான் அவருக்குக் குரலோடு வந்தார்கள்.

ஜூன் மாதம் புறப்படும் நாளும் வந்தது. டாக்டர் ஏற்கெனவே சென்னையில் இருந்தார். கமலக்கண்ணன், அஞ்சலாட்சி, இனியா மூவரும் பெட்டியோடு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில் ஏறினார்கள். புதுச் சட்டை கழுத்தை அறுத்தது. பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று பஸ் கிளம்புவதற்குள் ஆறு தடவை தொட்டுப் பார்த்தார்.

கண்டக்டர் வந்து, "எங்க?" என்றார்.

"மடகாஸ்கர்" என்றார் கமலக்கண்ணன். வாயில் அதுதான் வந்தது.

"மரக்காணம் மூணா?" என்று வழியில் இருக்கும் அந்த ஊருக்கே டிக்கெட்டைக் கிழிக்கப் போனார் கண்டக்டர்.

இனியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மெட்ராஸ் மூணு குடுங்க. அவரு இப்பவே அங்க போயிட்டாரு" என்றாள் அஞ்சலாட்சி. கண்டக்டருக்கு ஒன்றும் புரியாமல், எங்கே போகிறார் என்று கேட்டார். அவ்வளவுதான், கமலக்கண்ணன் பிடித்துக்கொண்டார். எண்பத்து நாலு பிள்ளைகள், கரண்ட் இல்லாத ஊர், குங்கிலியம் தேய்த்த வார், மிதிக்கப் போகிற பெண்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, முன் சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

"அங்க சோறு கெடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கவலையாக விசாரித்தார்.

"மூணு வேளையும் சோறுதானாம்மா, நம்மளவிட ஜாஸ்தி சாப்பிடுவாங்களாம்!" என்று திரும்பிச் சொன்னார் கமலக்கண்ணன்.

சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருக்கும்போதே பஸ் மரக்காணத்தில் போய் நின்றது.