பண்ணியாச்சுங்க

இருபத்தெட்டு நாள் ஆக வேண்டும், இன்று ஒன்பதாவது நாள், கார் ஷெட்டின் புதுத் தரையில் மண்வரப்பு கட்டி நிறுத்திய தண்ணீரில் கூரை தலைகீழாகக் கிடக்கிறது, கூரை ஓரத்தில் தொங்கும் பல்பு தண்ணீருக்குள்ளிருந்து முளைத்து நிற்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்கிறார்கள், எனக்கு முதலில் தெரிவது கால்கள், எப்போதும் முதலில் கால்கள்தான், ரப்பர் செருப்பு, சிமெண்ட் பூத்த குதிகால், கொத்தனார் மாரப்பன், என்ன அம்மிணி, மீனு கீனு விட்டிருக்கியா, இப்படிக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்க, என்கிறார், நான் சிரிக்கிறேன், பதில் சொல்வதற்குள் அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், எனக்குப் பதில் வந்து சேரும்போது கேட்டவர்கள் போயிருப்பார்கள், ஆறு வயதில் இதே இடத்தில் மல்லாந்து படுத்திருக்கிறேன், மேலே அப்போது அப்பா வைத்திருந்த வெள்ளைக் கார், கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்டதும் அதற்கடியில் புகுந்துவிடுவேன், அங்கிருந்து பார்த்தால் விருந்தாளிகள் எல்லாரும் வெறும் கால்களாகத்தான் வருவார்கள், மெட்டி போட்ட கால், பாலிஷ் போட்ட ஷூ, பித்தவெடிப்பு, கால்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பொண்ணு எங்கீங்க என்று ஷூ கேட்கும், அவ காருக்கு அடியில இருப்பா, பசிச்சா வருவா, என்று அம்மாவின் வெறுங்கால் சொல்லும், என் முகத்துக்கு ஒரு சாண் மேலே இரும்பு டிக் டிக்கென்று சூடு ஆறிக்கொண்டிருக்கும், ஒரு போல்ட்டின் முனையில் எண்ணெய் திரண்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும், இந்தக் குழாய் இங்கே தொடங்கி அங்கே முடிகிறது, இந்தக் கம்பியை இழுத்தால் அந்தத் தகடு அசைகிறது, பெயர்கள் பிறகுதான் வந்தன, கைக்குத் தெரிந்த பிறகு.

எதிர்வீட்டு அர்த்தநாரி மாமா மஞ்சள் மண்டிக்காரர், நான் இயற்பியல் படித்து முடித்து வீட்டில் இருந்த வருடம் ஒரு நாள் காலையில் அவருடைய கார் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றுபோனது, சாவியைத் திருப்பினால் டொக்கென்று ஒரு சத்தம் மட்டும், சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு அவர் ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போய்விட்டார், நான் பானெட்டைத் தூக்கினேன், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றினேன், துருவைச் சுரண்டி மறுபடி முடுக்கினேன், சாயங்காலம் மாமா வந்து திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது, ஏனுங் சார், என்னுங்க பண்ணுனீங்க, என்றார், அப்பா, சரி பண்ணியாச்சுங்க, என்றார், அவ்வளவுதான் சொன்னார், அதில் பொய் எதுவும் இல்லை. அப்பா முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவர், அங்கே எழுதும் கடிதங்களில் ஆளே கிடையாது, மனு பெறப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, பெற்றது யார் நிராகரித்தது யார் என்று ஒரு வார்த்தை இருக்காது, ஓய்வு பெற்ற பிறகும் அந்த மொழி அவரை விட்டுப் போகவில்லை, பண்ணியாச்சு, மாத்தியாச்சு, முடுக்கியாச்சு, ஆச்சு என்றால் ஆனதுதான், ஆக்கியது யார் என்று அந்தச் சொல் சொல்லாது, அந்தக் காலி இடத்தில் மாமா அப்பாவைப் போட்டுக்கொண்டார், பிறகு தெருவே போட்டுக்கொண்டது, எனக்கும் அது வசதியாக இருந்தது, காருக்கு அடியில் இருந்த இடம் போல. யார் வண்டி வந்தாலும் அப்பா கேட்டில் நின்று நோய் கேட்பார், ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் சொல்வார், மறுநாள் கேட்டைச் சாத்திக்கொண்டு நான் வேலை பார்ப்பேன், வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்முன் அப்பா நான் கை துடைத்த பழைய துணியிலிருந்து கொஞ்சம் கிரீஸை எடுத்து விரல்களில் தேய்த்துக்கொள்வார், அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பாள், அட மேஸ்திரி, மூக்கு மேலயும் கொஞ்சம் இழுவிக்கோங்க, அப்பத்தான் நெசம்னு நம்புவாங்க, என்பாள், அப்பா ஒரு நாள் நிஜமாகவே மூக்கில் தேய்த்துக்கொண்டு போனார், மாமா சொன்னார், ரிட்டயரான பொறவுதான் சார் உங்களுக்குத் தொழில் வந்திருக்குது.

போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மதியம், நான் மாமாவின் காருக்கு அடியில் பிரேக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன், வண்டி ஜாக்கியில் நின்றது, பழைய தரை இரண்டங்குலச் சிமெண்ட்தான், கீழே மண் இறங்கிப் போயிருந்தது, ஜாக்கியின் கால் தரையைப் பொத்துக்கொண்டு ஒரு விரற்கடை உள்ளே போனது, கார் முனகியது, சாய்ந்தது, பக்கத்தில் முட்டுக் கொடுத்திருந்த ஸ்டாண்டில் உட்கார்ந்து நின்றுவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே அதே ஒரு சாண் இருந்தது, ஆனால் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த அப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன, கண்ணு, கண்ணு, என்று கால்களைக் கூப்பிட்டார், நான் கட்டைவிரலை ஆட்டினேன், எனக்கு வாய் அப்படி, அந்த நேரத்தில்கூடக் கட்டைவிரல்தான் வந்தது, அன்று சாயங்காலமே அப்பா சொல்லிவிட்டார், இனிமே படுத்துக்கிட்டு வேல பாக்க வேண்டாம், வண்டியத் தூக்கற லிஃப்ட் போட்ருவோம்.

கோயமுத்தூரில் லிஃப்ட் விற்கிற கடையில் விற்பனைக்காரர் அப்பாவைப் பார்த்தே பேசினார், நான் அப்பாவின் இடது தோளுக்குப் பின்னால் நின்றேன், நான்கு தூண் லிஃப்டைக் காட்டினார், வண்டியை ஏத்தி நிறுத்திட்டா ஆடாது சார், வீட்டுக்கு இதுதான் நல்லது, என்றார், சக்கரம் தகட்டின் மேலேயே நிற்கும், சக்கரத்தைக் கழற்ற முடியாது, என்று நான் தோளுக்குச் சொன்னேன், சக்கரம் கழட்ட முடியாதுங்களே, என்றார் அப்பா, விற்பனைக்காரர் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து எழும்பும் இன்னொன்றைக் காட்டினார், அடியில் நடுவிடம் முழுக்க அதுவே அடைத்துக்கொள்ளும், எனக்கு வேண்டியது அந்த நடுவிடம்தான், அடி அடைச்சுக்குதுங்களே, என்றார் அப்பா, கடைசியில் இரண்டு தூண் லிஃப்ட், தூண்களை மேலே ஒரு சட்டம் இணைக்கும், எங்கள் ஷெட்டின் கூரை பத்தடிதான், சட்டம் முட்டும், தரையில் தகடு பதித்து அதற்குள் கம்பிவடம் போகிற வகை ஒன்று இருக்கிறது என்று நான் படித்திருந்தேன், தோளுக்குச் சொன்னேன், விற்பனைக்காரர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார், சார் இஞ்சினியருங்களா, என்றார், அப்பா இருமினார். பத்தடியில் மாமாவின் காருக்குள்ள உயரத்தைக் கழித்தேன், கூரைக்கும் வண்டிக்கும் நடுவே மூன்றங்குலம் விட்டேன், வண்டியை அதுவரை தூக்கினால் அதன் அடிப்பாகம் தரையிலிருந்து ஐந்தடி மூன்றங்குலத்தில் நிற்கும், என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், போதும், என்றேன் தோளுக்கு, அப்பாவின் உயரத்தை நான் நினைக்கவே இல்லை, அவரும் நினைக்கவில்லை. இந்தச் சாமானைப் போடறவர் ஓட்டற ஆளுக்கு மட்டும்தான் சார் சொல்லிக் கொடுப்பாரு, ஒரே ஆள், அந்த ஆள் தவிர யாரும் பட்டன்ல கை வைக்கக் கூடாது, நீங்கதானுங்களே, என்று விற்பனைக்காரர் கேட்டபோது அப்பா, ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க, என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார், கண்ணு, ஒயர் கழண்டுச்சு போல்ட்டு முடுக்கியாச்சுன்னு நான் எத்தனை வேணா சொல்லிருவேன், ஆனா ஒரு டன்னு இரும்பை நீ நிக்கற எடத்துக்கு மேல தூக்கற பட்டனை நான் அழுத்த மாட்டேன், சாமானைப் போட வர்ற அன்னிக்கு அவங்க கேக்கறப்ப நீ சொல்லிப்போடு, நான்தான்னு ஒரு வார்த்தை, நான் பக்கத்துலதான் நிப்பேன், என்றார், சொல்லலீன்னா, என்று நான் கேட்டேன், சொல்லலீன்னா சாமானை அவங்களையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிருவேன், என்றார். அதனால்தான் இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஆறங்குலக் கான்கிரீட், லிஃப்ட் தூண்களின் போல்ட்டைப் பிடித்துக்கொள்கிற பலம் அதற்கு வர இருபத்தெட்டு நாள், பத்து நாள் போதுமுங்க சார், பாலத்துக்கே நான் அவ்வளவு நாள் விட்டதில்ல, என்று மாரப்பன் சிரித்தார், இருபத்தெட்டுன்னு சொல்லியிருக்குதுங்க, என்றார் அப்பா, யாரு சொன்னது, என்று மாரப்பன் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை, ஒருவர் ஒரு முறை கேட்டார், கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், மேசையில் என் மின் இணைப்புகளை விரலால் தொடாமல் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தார், யாரும்மா இதக் கனெக்ட் பண்ணது, இவ்வளவு சுத்தமா, என்றார், நானும் என்னோடு சேர்ந்து செய்த பர்வீனும் நின்றோம், எனக்குத் தொண்டையில் அந்த வார்த்தை இருந்தது, நாக்கின் அடிவரை வந்தது, அவர் காத்திருந்தார், காத்திருந்தார், பிறகு பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பண்ணியாச்சு சார், என்றாள், அவர் அடுத்த மேசைக்குப் போனார், அவருடைய பழுப்பு ஷூ போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வார்த்தை இன்னும் அங்கேயே இருக்கிறது, தண்ணீர் குறையும்போது ஊற்றுகிறேன், வரப்பைக் கலைக்கிறேன், தரை வெளுக்கிறது, காய்கிறது, சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறது.

இருபத்தெட்டு நாளும் முடிந்து லாரியில் லிஃப்ட் வந்து இறங்குகிறது, இரண்டு நீலத் தூண்கள், தகடு, வடம், பொருத்துகிறவர் பெயர் பெஞ்சமின், காதில் பென்சில், அவர் டிரில் போடும்போது தரையிலிருந்து சாம்பல் மாவு வருகிறது, ஓட்டைக்குள்ளிருந்து அதை ஊதி உறிஞ்சி எடுக்கிறார், போல்ட்டுகளை முறுக்குகிறார், ஒன்றுகூடப் பிடிப்பில்லாமல் சுற்றவில்லை, நல்ல தரைங்க சார், என்கிறார் அப்பாவிடம், மாரப்பன் மீசையை நீவிக்கொள்கிறார். முதலில் ஏற்றுவதற்கு அர்த்தநாரி மாமா தன் காரையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, நம்ம சார் லிஃப்டுக்கு நம்ம வண்டிதான் மொதல், என்கிறார், அம்மா கேசரித் தட்டோடு வாசற்படியில் நிற்கிறாள், நான் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். பெஞ்சமின் லிஃப்டின் நான்கு கைகளையும் காருக்கடியில் நீட்டி வைத்துப் பட்டனை அழுத்துகிறார், மோட்டார் பாடுகிறது, சக்கரங்கள் தொங்குகின்றன, கார் எழும்புகிறது, முழங்காலுக்கு, இடுப்புக்கு, தோளுக்கு, அதன் அடியிலிருந்து மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்கிறது, எத்தனை வருடத்து மூட்டைகளோ, ஷெட் முழுக்க மஞ்சள் வாசம், கூரைக்கு மூன்றங்குலம் கீழே கார் நிற்கிறது, என் மறைவிடம், எனக்கு ஒரு சாண் மேலே இருந்த அந்த இருட்டு, வெளிச்சத்தில் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாங்க சார், உள்ள வந்து நில்லுங்க, சொல்லிக் குடுக்கறேன், என்கிறார் பெஞ்சமின், அப்பா என் பக்கம் ஒரு முறை பார்க்கிறார், காத்திருக்கிறார், பிறகு போகிறார், டங்கென்று தலை இடிக்கிறது, ஐயோ, என்கிறாள் அம்மா, அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், பெஞ்சமின் அவரை மேலும் கீழும் பார்க்கிறார், என்னங்க சார் இது, ஆறடி ஆள் நீங்க, இதுக்கு மேல தூக்குனா கூரை இடிக்கும், இப்படிக் குனிஞ்சுக்கிட்டே வேலை பார்ப்பீங்களா, யாருங்க சார் அளவு எடுத்தது, என்கிறார், அளவு எடுத்தாச்சுங்க, என்கிறார் அப்பா நெற்றியைத் தேய்த்தபடி, அது தெரியுதுங்க சார், எடுத்தது யாரு, என்று கேட்டுக்கொண்டே பெஞ்சமின் நிமிர்ந்து காரின் அடியைப் பார்க்கிறார், பேச்சை நிறுத்துகிறார், காதிலிருந்த பென்சிலை எடுத்து, தொடாமல், அந்தப் பிரேக் குழாயை அது வளைகிற இடமெல்லாம் பின்தொடர்கிறார், ஒவ்வொரு கிளிப்பையும், உரசும் இடத்தில் நான் சுற்றிய ரப்பரையும், கம்பெனியில்கூட இப்படிப் போட மாட்டாங்க, என்று தனக்குள் சொல்கிறார், பிறகு சத்தமாக, இதப் போட்டது யாருங்க, மாமா பெருமையாக, நம்ம சார்தான், என்கிறார், பெஞ்சமின் அப்பாவின் பெரிய கைகளைப் பார்க்கிறார், இந்தக் கை அந்தச் சந்துல நுழையாதுங்களே, என்கிறார், அப்பா வாயைத் திறக்கிறார், போட்டாச்சு என்று வரப்போகிறது, எனக்குத் தெரியும், ஆனால் அவர் வாயை மூடிக்கொள்கிறார், முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மனு பதிலில்லாமல் நிற்கிறது.

எனக்குக் கால்கள் தெரிகின்றன, மாமாவின் தோல் செருப்பு, மாரப்பனின் குதிகால், அம்மாவின் வெறுங்கால், பெஞ்சமினின் பூட்ஸ், குனிந்து நிற்கிற அப்பாவின் கால் நகங்கள், எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தூள், கான்கிரீட் காய்ந்திருக்கிறது, தண்ணீர் இல்லை, கூரை அதன் இடத்தில் இருக்கிறது, நான் தூணைச் சுற்றி வந்து காருக்கு அடியில் போகிறேன், என் தலைக்கு மேலே இரண்டு விரல் இடம் இருக்கிறது, குனிய வேண்டியதில்லை, அந்த இடத்தில் முதல் தடவையாக நின்றுகொண்டிருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் எல்லாருக்கும் முகம் இருக்கிறது, அப்பா குனிந்தபடியே இரண்டடி விலகி எனக்கு இடம் விடுகிறார், மோட்டார் ஓய்ந்த அமைதியில் மேலே ஏதோ ஒரு போல்ட்டின் முனையில் எண்ணெய் திரள்கிறது, திரண்டு, என் தோளில் விழுகிறது, நானுங்க, என்கிறேன், குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, எல்லாரும் திரும்புகிறார்கள், அளவெடுத்தது நான், குழாய் போட்டது நான், மாமா, அந்த மொத நாள் எர்த் ஒயரும் நான்தானுங்க பண்ணேன்.