கிடை போட்ட வயல்

ஆட்டுப் புழுக்கை வாசம் என்றால் சேதுபதிக்கு அப்படியொரு கிறுக்கு. திருப்பூரில் சாயப்பட்டறை வாடையிலேயே பாதி ஆயுசை ஓட்டியவர், கடலாடிப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி, முதல் வருஷ வெள்ளாமை பொய்த்ததும் ஆடு மேய்க்கும் கீதாரியைத்தான் தேடிப் போனார். அய்யா காலத்தில் ஆனி பிறந்தால் புழுக்கை உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்து வயலில் கிடை போடுவார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள் படுத்தெழுந்து போன மண், கால் வைத்தால் பொதுபொதுவென்று இருக்கும். அதில் வெறுங்காலோடு ஓடிய சுகம் அவருக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை. அந்த நினைப்பு வந்தாலே மனுஷருக்குக் கண் கலங்கிவிடும்.

இப்போதோ ரசாயன உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கொட்டி, வயல் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. மனைவி பாண்டியம்மாளுக்கு ஊரே பிடிக்கவில்லை.

"இந்த ஒரு வெள்ளாமைதான் பாப்பேன். நெல்லு வீடு வந்து சேரலேன்னா மகன்கிட்டயே போறேன். நீங்க இங்கன மண்ணக் கட்டிக்கிட்டு அழுங்க."

கிடை போட்டார். உழுது, புரட்டாசியில் புழுதியிலேயே நெல்லை விதைத்தார். ஐப்பசி மழையும் ஏமாற்றவில்லை. நெல் முளைத்தது. கூடவே வயல் முழுக்கச் சீமைக்கருவேலும் முளைத்தது!

அய்யா காலத்து ஆடு புல் மேய்ந்தது. இன்றைய கோடையில் மேய்வதற்கு என்ன இருக்கிறது? கருவேல நெற்றைத் தின்றுவிட்டு, கொட்டையை அப்படியே இவர் வயலில் போட்டிருந்தது. பழைய ஆசையில் இதை யோசிக்காமல் விட்டாரே! நடவு வயலென்றால் சேற்றோடு சேற்றாக மிதித்திருக்கலாம், புழுதி விதைப்பில் அதற்கும் வழியில்லை. வரப்பில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

பாண்டியம்மாள் வந்து பார்த்தாள். வசவுக்குத் தயாராக அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு கருவேலங்கன்றைப் பிடித்து இழுத்தாள். முழு வேரோடு வந்தது. இன்னொன்றும் அப்படியே வந்தது. போன வருஷம் சிமெண்டாய்க் கிடந்த இதே வயலில் களை கொத்திக் கொத்தி அவளுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீக? முள்ளு தடிக்கிறதுக்குள்ள பிடுங்கிப் போட்ருவோம், வாங்க."

இருவரும் குனிந்து பிடுங்கினார்கள். பாதி வயல் தாண்டியதும் அவள் இடுப்பை நிமிர்த்தினாள்.

"அடுத்த வருசம் கீதாரிகிட்ட நான் பேசிக்கிறேன். ஆட்ட ரெண்டு மூணு நாளு அடைச்சு வச்சு வைக்கல் போடச் சொல்லணும். தின்ன கொட்டை பூராம் அங்கனயே கழிஞ்ச பெறகு நம்ம வயலுக்கு வரட்டும்."

சேதுபதிக்கு ஆடும் வைக்கோலும் காதில் ஏறவே இல்லை. அடுத்த வருஷம் என்றாளே, அது போதும்.