முப்பத்தேழு கேமராவும் ஒரு கட்டம்போட்ட சட்டையும்

பல் டாக்டர் தன் முப்பத்தேழு பழைய டிஜிட்டல் கேமராக்களையும் ஒப்பிட்டுப் பார்க்க மாமனாரைத்தான் பிடித்தார். மனுஷர் ஞாயிறுதோறும் அதே கட்டம்போட்ட சட்டையில், அதே நாற்காலியில் சலிக்காமல் உட்கார்ந்து கொடுத்தார். எந்தக் கேமராவில் கட்டம் குழம்புகிறது, எதில் தெளிகிறது என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார்.

மாமனார் போய்ச் சேர்ந்த மறுநாள், மாட்டி வைக்க ஒரு படம் கேட்டாள் மனைவி. டாக்டர் பெருமையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆயிரத்து இருநூறு படங்கள். எல்லாம் மாமனார்தான், கழுத்துக்குக் கீழே.

"முகம் எங்கேங்க?"

"மாமா சிரிச்சுக்கிட்டே இருப்பாரு, படம் கலங்கிடும். சட்டைதான் ஆடாம நிக்கும்."

அவள் கடைசிப் படம்வரை பார்த்தாள். "சரி, இதுல எது நல்லா வந்திருக்கு?"

பத்து வருஷத்தில் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. டாக்டர் முகம் மலர, மாமனாரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.