அக்கா திருத்திய அட்டை

எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் மாடியில் குறிப்பறை என்று ஒன்று இருந்தது. பசை வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்து அடிக்கும். இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஊரிலுள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கே ஓர் அட்டை, அட்டையில் ஒரே ஒரு வரி. செய்தியில் அந்த நிறுவனத்தின் பெயர் வரும்போதெல்லாம் கூடவே அந்த வரியையும் அச்சடிப்பார்கள். அந்த வரிகளை எழுதுகிறவன் நான். அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

சிமெண்ட் ஆலை முதலாளி தன் பணத்தைக் கொடுத்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பணக்காரர் பணம் கொடுத்தால் எதற்கென்று தெரியாதா? கையிலிருந்த டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்: ‘ஆலை முதலாளிக்குப் பரிந்து பேசும் ஆய்வு மையம்.’ பக்கத்து மேஜையில் செய்திகளை வெட்டி ஒட்டுகிறவரை நாங்கள் கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்து, “நச்சுன்னு இருக்குப்பா” என்றார்.

அடுத்த வருடம் என் அக்கா அந்த ஆய்வு மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சண்டை ஆரம்பித்தது.

“என்னைக்காவது உள்ள வந்து பாத்தியாடா? பாக்காம எப்படி எழுதின?”

“சொந்தக்காரங்க வேலை பாக்குற இடத்தோட அட்டையை நாங்க தொடக்கூடாதுக்கா. ஆபீஸ் சட்டம்.”

“எனக்காக மாத்தச் சொல்லலடா. நாங்க எழுதுறதைப் படிச்சுப் பாருன்னுதான் சொல்றேன்.”

சட்டம் உண்மைதான். எனக்கு வசதியாகவும் இருந்தது. பாரபட்சம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு அவள் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட நான் படிக்கவில்லை. அந்த ஞாயிறுகளுக்காக இன்று ஏங்குகிறேன், சண்டையோடு சேர்த்து.

இரண்டு வருடம் அலைந்து அக்கா ஓர் அறிக்கை தயாரித்தாள். ஆலைத் தூசியால் தொழிலாளர் குடியிருப்பில் எத்தனை பேர் மூச்சுத்திணறலில் கிடக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியது. தொழிலாளர்களுக்கு அதைப் படித்துக் காட்டி, அவர்கள் கையெழுத்தோடு நகராட்சியில் கொடுக்க வேண்டும். கூட்ட அறிவிப்பு எங்கள் பத்திரிகையில் வந்தது, என் வரியோடு.

நானும் போனேன். இருநூறு நாற்காலி. உட்கார்ந்திருந்தது நான்கு பேர், அதில் ஒருவர் மண்டபத்துக் காவலாளி. முதலாளிக்குப் பரிந்து பேசுகிற கூட்டத்துக்கு எந்தத் தொழிலாளி வருவான்? அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எல்லாரும் உங்க பேப்பர் படிக்கிறவங்கடா” என்று மட்டும் சொல்லிவிட்டு அறிக்கைகளைப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றை எடுத்து அங்கேயே உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே முதலாளியின் ஆலையைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தது. வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் பத்திரிகை ஆசிரியரிடம் போய், பார்க்காமலே எழுதியதை ஒப்புக்கொண்டேன். “நீ தொடாத. கத்தரி எழுதட்டும்” என்றார். கத்தரி நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துத் தாராளமாக எழுதிவிட்டார்: ‘யார் தயவிலும் இல்லாத சுதந்திர ஆய்வு மையம்.’ சரிபார்க்க மையத்துக்கு அனுப்பிய அட்டையை அக்கா குறுக்கே அடித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“எனக்குச் சம்பளம் யாரு பணத்துலடா வருது? அதை மறைக்கச் சொல்லி யாரு கேட்டா? அன்னைக்குக் கரியைப் பூசினீங்க, இன்னைக்கு வெள்ளையடிக்கிறீங்களா?”

கடைசியில் அச்சேறியது அவள் சொன்ன வரிதான்: ‘ஆலை முதலாளியின் நிதியில் நடக்கும் மையம்; அவருடைய ஆலையையும் குறை கூறியிருக்கிறது.’

குடியிருப்பில் நம்பிக்கை வர எட்டு மாதம் ஆயிற்று. மறுகூட்டத்தில் நிற்க இடமில்லை. அக்கா படித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

“என் வீட்டுக்காரர் போன மாசம்தான் தவறிட்டாரு. இதை ஏம்மா முன்னாடியே வந்து சொல்லல?”

நான் முதல் வரிசையில் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “எங்க வேலைதாம்மா தாமதமாயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

எதையும் உள்ளபடிதான் சொல்வேன் என்று அடம்பிடித்தவள், எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய் சொன்னாள். அக்கா போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு நான் எழுந்து அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தேதான் இருந்தேன்.